குழூஉக்குறியும் அசைநிலையும்: விளம்பரத் துறைச் சொற்கள் பற்றி

தமிழ் முதுகலை பயின்று விளம்பர நிறுவனங்களில் வாசகம் எழுதச் செல்லும் மாணவர் உளர். ஆண்டு அவர் செவியிற் படும் ‘சினர்ஜி’, ‘ஹோலிஸ்டிக்’, ‘பாரடைம் ஷிப்ட்’ முதலிய சொற்களைப் பொருளற்றன என எள்ளுதல் எளிது. அவை இலக்கண நெறியில் எவ்வகையின என ஆராய்தலே ஈண்டு எம் கருத்து.

குழூஉக்குறி என்பர் சிலர். நன்னூலார் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாகக் கூறிய குழூஉக்குறிக்கு, பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றலை உரைகாரர் காட்டுவர். அச்சொல் பிறர்க்கு விளங்காது. குழுவினர்க்கு ஐயமின்றி விளங்கும். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பற்றி விலை பேசும் தரகர் வழக்கும் அத்தகையதே. ஒரு விரல் பிறழின் பணம் பிறழும்.

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள இப்பிணிப்பை இராயபுரத்துக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கேட்டார் நன்குணர்வர். வஞ்சிரம் என்றால் வஞ்சிரமே. சங்கரா என்றால் சங்கராவே. மீன் கண்முன் கிடத்தலின், ஏலம் கூறுவான் சொல் பொருளை விட்டு அகல வழியில்லை. கடலிற் செல்வார்க்கு வாடை, கொண்டல், கச்சான் என்னும் காற்றின் பெயர்களும் அவ்வாறே. ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளின் படகுக்கே ஏதம். துறைமுகத்தில் சரக்கு விடுவிப்பாரைக் ‘கிளியரிங் ஏஜெண்டு’ என்ற பழம்பெயரும் செயலைக் கூறிற்று. இந்நாளில் பெயர்ப்பலகைகள் ‘சொல்யூஷன்ஸ்’ என்கின்றன. எச்சிக்கலுக்குத் தீர்வு? பலகை அதனைக் கூறுவதில்லை.

விளம்பரத் துறைச் சொற்களோ குழுவினர்க்கும் விளங்காதன. ‘சினர்ஜி’ யாதென இருவரைத் தனித்தனியே வினவின் இருவேறு விடை கிடைக்கும். ஆதலின் அவை குழூஉக்குறி ஆகா. அசைநிலை எனலாமோ எனின், அதுவும் முற்றும் பொருந்தாது. தொல்காப்பியர் இடைச்சொல் வகையுள் வைத்த அசைநிலை, தனக்குப் பொருள் உண்டெனக் காட்டிக்கொள்வதில்லை. இவை குழூஉக்குறி வேடம் புனைந்த அசைநிலைகள். தொழிலில் வெற்றி தருவதும் அவ்வேடமே. பொருள் வினவின் தம் அறியாமை வெளிப்படுமென வாடிக்கையாளர் வாளாவிருப்பர்; அவ்வமைதி உடன்பாடாகக் கொள்ளப்படும்.

இச்சொற்களின்றி அத்துறையில் உயர்தல் இயலாது என்பார்க்கு டேவிட் ஓகில்வியின் வாழ்வே மறுப்பு. வீடுவீடாகச் சென்று அடுப்பு விற்ற அவர் 1948இல் நியூயார்க்கில் நிறுவனம் தொடங்கினார்; 1982இல் தம் அலுவலர்க்கு விடுத்த சுற்றறிக்கையில் இத்தகைய பகட்டுச் சொற்களைக் கடிந்து விலக்கினார். ரோல்ஸ்ராய்ஸ் வண்டி மணிக்கு 60 மைல் விரைகையில் மின்கடிகாரத்தின் ஒலியே பெரிதாகக் கேட்கும் என்ற அவர் விளம்பரத்தில் விளக்கம் வேண்டும் சொல் ஒன்றுமில்லை. வாயிலில் நின்று அடுப்பு விற்பானும் மீன் ஏலம் கூறுவானும் ஓரினத்தவர். கேட்பவன் அங்கேயே பொருளைக் கண்டு சொல்லைச் சோதிப்பான். எனினும் ஓகில்வி போல்வார் அத்துறையில் மிகச் சிலரே என்பதை மறைத்தல் தகாது.

பிறர் துறையை ஆராயப் புகுந்த யாம் எம் துறையையும் நோக்குதல் முறை. ‘பன்முக நோக்கு’, ‘கட்டுடைப்பு’ என்பன ஆய்வேடுகளில் வருங்கால், வாய்மொழித் தேர்வில் அவற்றின் பொருள் யாதென யாம் வினவியதில்லை. ஓரிருகால் வினவ எண்ணி, அவையினர் முகம் நோக்கி அடங்கினோம்.