வீட்டு நில அதிர்வுமானிக்குக் காந்தக் கவசம் தேவையா?

1979 ஜூலையில் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழ் அறிமுகப்படுத்திய லேமன் வகைக் கிடை ஊசல், வீட்டிலேயே நில அதிர்வுமானி செய்வோருக்கு இன்றும் முன்மாதிரி. ஊசலின் அசைவைக் காந்தமும் கம்பிச்சுருளும் மின்னழுத்தமாக்குகின்றன. வெளிக் காந்தப்புலமும் பதிவில் கலந்துவிடும் என்று அஞ்சிப் பலர் கவசம் தேடுகிறார்கள். அச்சம் நியாயமானதே. ஆனால் இடையூறு எவ்வழியாக நுழைகிறது என்பதைப் பொறுத்தே கவசத்தின் மதிப்பு.

முதல் வழி, சுருள். 5 சதுர செ.மீ. பரப்பில் 1000 சுற்றுள்ள சுருளில், 100 நானோடெஸ்லா வலிமையுள்ள 50 ஹெர்ட்ஸ் புலம் சுமார் 16 மைக்ரோவோல்ட் தூண்டும். தொலைதூர நிலநடுக்கத்தின் சமிக்ஞையையே இது மறைத்துவிடலாம். மெல்லிய தாமிரத் தகடு இங்கே உதவாது: 50 ஹெர்ட்ஸில் தாமிரத்துள் புலம் ஊடுருவும் ஆழம் சுமார் 9 மி.மீ. வெளிப்புலம் தன்னைத்தானே ரத்து செய்யும்படி எதிரெதிராகச் சுற்றிய இரட்டைச் சுருளும், பதிவுக்கு முன் ஒரு தாழ் அதிர்வெண் வடிகட்டியும் போதும்.

இரண்டாவது வழி கடினமானது. ஊசல் தண்டிலேயே காந்தம் இருந்தால் வெளிப்புலம் அதை நேரடியாகத் திருப்பும். 1 கன செ.மீ. நியோடிமியம் காந்தம், சுழலச்சிலிருந்து அரை மீட்டர் தள்ளி 1 கிலோ எடை என்று கொள்வோம். புலம் 50 நானோடெஸ்லா மாறினால், 20 விநாடி அலைவில் நிலம் 10 மைக்ரோமீட்டர் ஆடுவதன் முடுக்கத்தில் பத்தில் ஒரு பங்கு வரை பொய்யாகத் தோன்றும். அந்த மாற்றமும் அதே அலைவுக்காலத்தில் வந்தால் வடிகட்டியால் பிரிக்க முடியாது. 10 செ.மீ. விட்டமும் 1 மி.மீ. தடிப்பும் உள்ள சாதாரண இரும்புக் குழாய் புலத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைக்கும். மியூ-மெட்டல் என்னும் கவச உலோகக்கலவையில் செய்த அதே அளவுக் குழாய் சுமார் 200 மடங்கு குறைக்கும். ஆனால் மியூ-மெட்டல் வளைந்தாலோ அடிபட்டாலோ அதன் திறன் குன்றும். ஹைட்ரஜன் உலையில் மீண்டும் பதப்படுத்த வேண்டும். கவசம் காந்தத்தை இழுத்து ஊசலின் அலைவுக்காலத்தையும் கெடுக்கும். காந்தத்தைச் சட்டத்தில் பொருத்திச் சுருளைத் தண்டில் வைத்தால் இத்தொல்லை வேரோடு நீங்கும்.

மூன்றாவது வழி, நிலத்தின் மேல்கீழ் அசைவை அளக்கும் செங்குத்துக் கருவியில் எடையைத் தாங்கும் இலைவில். வெப்பத்தால் மாறாத வில் உலோகக்கலவைகள் பெரும்பாலும் காந்தத்துக்கு இணங்குபவை; எனவே வெளிப்புலம் வில்லையே பாதிக்கும். தொழில்முறைக் கருவியான எஸ்.டி.எஸ்.-1இன் செங்குத்து வகைக்குப் மியூ-மெட்டலை ஒத்த பெர்மல்லாய்க் கவசம் இட்டது அதனால்தான். இங்கே அமைப்பை மாற்றித் தப்ப முடியாது.

எனவே முதலில் தண்டை அசையாமல் பூட்டிப் பதிவு செய்ய வேண்டும். இடையூறு அப்போதும் நீடித்தால் குற்றவாளி சுருளும் மின்சுற்றும். தண்டை விடுவித்த பிறகு மட்டும் தோன்றி, காந்தமானிப் பதிவோடும் ஒத்துப்போனால், புலம் ஊசலையே தள்ளுகிறது. கிடை ஊசலுக்குக் கவசம் வாங்கும் பணம் வீண்; சரியான அமைப்பே போதும். நீண்ட அலைவுக்காலச் செங்குத்துக் கருவிக்கு மட்டுமே கவசம் தேவை.