தொகை தெரியாத ராஜி

டெஸ்லா மீது ஓவன் டியாஸ் தொடுத்த நிறவெறி வழக்கு 2024 மார்ச்சில் ராஜியில் முடிந்தது. தொகை ரகசியம். இரு தரப்புக்கும் நல்லதுதானே என்கிறார்கள்.

நல்லதுதான், டியாஸுக்கு. கலிஃபோர்னியாவில் டெஸ்லாவின் ஃப்ரீமான்ட் ஆலையில் லிஃப்ட் இயக்கிய ஒப்பந்தத் தொழிலாளி அவர். வசவுகள் போதாதென்று, அட்டைக் கட்டு ஒன்றில் கறுப்பரைக் கேலி செய்யும் படத்தை வரைந்துவைத்தார்கள். அதைப் படமெடுத்துப் புகார் அனுப்பினார். 2017-ல் தொடங்கிய வழக்கு. 2021-ல் ஜூரி 13.69 கோடி டாலர் தரச் சொன்னது, நீதிபதி 1.5 கோடியாக வெட்டினார், டியாஸ் மறுத்தார், 2023-ல் இன்னொரு ஜூரி சுமார் 32 லட்சம் என்றது. இத்தனை அலைச்சலுக்குப் பிறகும் இன்னும் போராடு என்று அவரிடம் சொல்ல எனக்கென்ன யோக்கியதை?

என் சண்டை அந்த ரகசிய ஷரத்தோடுதான். கலிஃபோர்னியாவில் 2022 முதல், வழக்குத் தொடுத்தவர் தனக்கு நடந்த பாகுபாட்டை வெளியே சொல்லக் கூடாதென்று ராஜியில் எழுத முடியாது. ஆனால் தொகையை மறைக்கலாம். அது வெறும் பணம்தானே என்று விட்டுவிட்டார்கள் போலும்.

வெறும் பணமா? நாளை அதே ஆலையில் வேறொருவர் புகாரோடு பேரம் பேச உட்காருகிறார் என்று வையுங்கள். எதிரே இருக்கும் கம்பெனி வக்கீலுக்கு இதுவரை கொடுத்த ஒவ்வொரு தொகையும் அத்துப்படி. இவருக்குத் தெரிந்ததோ 13.69 கோடி, 1.5 கோடி, 32 லட்சம் என்ற மூன்று எண்கள். மூன்றுமே கடைசி எண் அல்ல. விலை தெரிந்த வியாபாரியிடம் கண்ணைக் கட்டிக்கொண்டு மாடு விற்கப்போன கதை.

கூட்டு வழக்கில் இந்த இருட்டு கிடையாது. அங்கே ராஜிக்கு நீதிபதியின் ஒப்புதல் வேண்டும், ஆகவே தொகை ஊரறியும். 1996 நவம்பரில், அதிகாரிகளின் ரகசியப் பேச்சு ஒலிநாடாவாக வெளிவந்து இரண்டு வாரம் ஆகுமுன், கறுப்பின ஊழியர்கள் தொடுத்த கூட்டு வழக்கில் எண்ணெய்க் கம்பெனி டெக்ஸகோ 17.61 கோடி டாலருக்கு இறங்கிவந்தது. கம்பெனியின் நடத்தையைப் பார்வையிட வெளியாட்கள் கொண்ட குழுவுக்கும் சம்மதித்தது. 2000-ல் கோகோ-கோலா அதே போன்ற ஒரு வழக்கை 19.25 கோடிக்கு முடித்தபோது அதே மாதிரிக் குழுவையும் ஏற்றது. முந்தைய ராஜி கண்ணெதிரே இருந்ததால்தான் அது நடந்தது என்பேன்.

தனி ஆளாக வழக்காடுபவருக்கு அந்த வசதி இல்லை. டியாஸ் புகாரோடு அனுப்பிய படத்தை உலகமே பார்த்தாயிற்று. அதற்குக் கம்பெனி கடைசியில் என்ன கொடுத்தது என்பதை மட்டும் அடுத்த லிஃப்ட்காரர் ஊகித்துக்கொள்ள வேண்டும்.