பரணில் கிடந்த யாஷிகா: வாங்கலாமா?

பழைய யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராவை விற்க வருகிறவர் முதலில் நீட்டிக் காட்டுவது மேல் லென்ஸைத்தான். அது பளிச்சென்று இருக்கும். ஆனால் படம் எடுப்பது கீழே இருக்கிற லென்ஸ். மேலே இருப்பது பார்ப்பதற்கு மட்டும். இது தெரியாமல் பணத்தை எண்ணிக் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்த விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது யாஷிகா மேட்-124ஜி. மூடிவிட்ட ஒரு ஸ்டூடியோவின் பரணிலிருந்து புதுவாயல் என்ற ஊருக்கு வந்து சேர்ந்த உருப்படி. தோல் உறையின் தையல் விட்டிருந்தது, கழுத்துப் பட்டை இற்றுப்போயிருந்தது. உள்ளே இருந்த கேமரா மட்டும் கறுப்பு மாறாமல் கம்பீரமாக இருந்தது.

1970 முதல் 1986 வரை ஜப்பானில் தயாரான மாடல் இது. யாஷிகாவின் இரட்டை லென்ஸ் வரிசையில் கடைசி வாரிசு. ஜெர்மனியின் ரோலைஃபிளெக்ஸ் 1929 முதலே இந்த வடிவத்தைப் பிரபலமாக்கியிருந்தது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரரான ஹோமாய் வியாரவாலாவும் ரோலைஃபிளெக்ஸில் படமெடுத்தவர்தான். ரோலைஃபிளெக்ஸின் விலையைக் கொடுக்க முடியாத ஊர் ஸ்டூடியோக்காரருக்குக் கைகொடுத்தது யாஷிகா. கல்யாண ஆல்பங்களில் இன்றும் பார்க்கக் கிடைக்கும் சதுரப் படங்கள் இந்த மாதிரிக் கேமராக்களின் வேலை. ஒரு 120 ரோலுக்கு ஆறுக்கு ஆறு செ.மீ. அளவில் பன்னிரண்டு படம். தாலி கட்டுகிற நேரத்தில் ரோல் தீர்ந்துபோனால் மாப்பிள்ளையைக் காத்திருக்கச் சொல்லவேண்டியதுதான்!

எடை ஏறத்தாழ 1,100 கிராம். கழுத்தில் மாட்டிக்கொண்டு, மேல்மூடியைத் திறந்து, வயிற்றருகே வைத்துக் குனிந்து பார்க்க வேண்டும். கண்ணாடித் திரையில் தெரிகிற காட்சி இடவலம் மாறியிருக்கும். மாட்டுவண்டி இடமிருந்து வலம் போனால் திரையில் வலமிருந்து இடம் வரும். கேமராவை எந்தப் பக்கம் திருப்புவது என்று முதல் ரோல் முழுக்கக் கை தடுமாறும்; இரண்டாவது ரோலில் பழகிவிடும்.

விலை பேசுவதற்கு முன் பார்க்க வேண்டியதில் முதலாவது, வலப்பக்கத்துக் கிராங்க். இதைச் சுழற்றினால் பிலிமும் நகரும், ஷட்டரும் ஏறிக்கொள்ளும். எங்காவது பல் நழுவுகிற மாதிரி கரகரவென்று சத்தம் வந்தால் கேமராவைக் கீழே வைத்துவிடலாம். உள்ளே இருக்கிற பல்சக்கரத்துக்குப் புது உதிரி கிடையாது. இன்னொரு செத்த யாஷிகாவைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது ஷட்டர். விற்பவர் 125-இல் வைத்துத் தட்டிக் காட்டுவார். அது எப்போதும் நன்றாகவே அடிக்கும். ஒரு நொடி, அரை நொடி, எட்டில் ஒரு பங்கு ஆகியவற்றில் வைத்துத் தட்டச் சொல்ல வேண்டும். மெதுவான வேகங்களைத் தனியாக ஒரு சிறு பல்சக்கரக் கூட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தால் அங்கே போட்ட எண்ணெய் பிசினாகிவிடும். புதுவாயல் கேமராவிலும் இதே வியாதிதான்: ஒரு நொடியில் வைத்தால் ஷட்டர் திறந்தது, திறந்தபடியே நின்றுவிட்டது. செல்ஃப் டைமர் நெம்பை மட்டும் சோதனைக்குக்கூட இழுக்கக்கூடாது. பழைய ஷட்டரில் அது சிக்கிக்கொண்டால் மொத்தமும் நின்றுபோகும்.

மூன்றாவது, லென்ஸில் படரும் ஃபங்கஸ். இந்த ஊரில் இதற்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் இருக்கிறது புதுவாயல். ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் தூசி, இன்னொரு பக்கம் பழவேற்காடு ஏரியும் கடலும் அனுப்புகிற உப்பு ஈரம். கேமராவுக்கு இதைவிட மோசமான ஜாதகம் அமையாது. பின்கதவைத் திறந்து, ஷட்டரை ‘பி’யில் வைத்து அழுத்திப் பிடித்தபடி, முன்னாலிருந்து டார்ச் அடித்தால் சிலந்தி வலை மாதிரி நூல்கள் தெரியும். ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் படத்தில் தெரியாது. நடுவில் படர்ந்து கண்ணாடிப் பூச்சையே அரித்திருந்தால், துடைத்த பிறகும் தடம் போகாது. மேல் லென்ஸில் ஃபங்கஸ் இருந்தால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். படத்துக்கு ஒரு கேடும் இல்லை.

பழுது பார்ப்பதில் பாதி வேலை பொறுமை. கீழ் லென்ஸின் முன்தொகுதியை ரப்பர் மூடி ஒன்றை வைத்து அழுத்தித் திருகினால் கழன்று வரும். பின்னால் ஷட்டரின் இதழ்கள். பஞ்சுக்குச்சியில் லைட்டர் பெட்ரோலைத் தொட்டு, இதழ்களில் படிந்த எண்ணெயைத் துடைத்து, ஆறவிட்டு, மறுபடி துடைக்க வேண்டும். இதற்கும் மசியாத ஷட்டரை முழுசாகப் பிரிக்க வேண்டும். அதற்கு முன்பக்கத்து ரெக்சினை உரித்தால்தான் ஸ்க்ரூக்களே கண்ணுக்குத் தெரியும். அது அனுபவம் உள்ள மெக்கானிக்கின் வேலை. இந்தக் கேமராவில் அந்த அளவுக்குப் போகத் தேவையிருக்கவில்லை. துடைத்த பிறகு ஒரு நொடி, ஒரு நொடியாகவே கேட்டது.

திரைக்குக் கீழே சாய்ந்திருக்கிற கண்ணாடியிடம் மட்டும் வீரம் காட்டக்கூடாது. வீட்டுக் கண்ணாடிக்கு ரசம் பின்பக்கம், இதற்கு முன்பக்கம். சட்டைத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் ரசம் துணியோடு வந்துவிடும். ஊதுகுழலால் தூசியை ஊதித் தள்ளுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இனி, ஒளியை அளக்கும் மீட்டருக்கு வருவோம். மேல்மூடியைத் திறந்ததும் தானாக விழித்துக்கொள்கிற சிடிஎஸ் மீட்டர் இதில் உண்டு. பெயரில் உள்ள ‘ஜி’ கூட, உள்ளே இருக்கும் தங்கமுலாம் பூசிய மின்தொடர்புகளைக் குறிப்பதுதான். ஆனால் அது கேட்கும் 1.35 வோல்ட் பாதரச பேட்டரி சந்தையிலிருந்து போய்விட்டது. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் அளவு தப்பும். காதுகேட்கும் கருவிக்கான 675 பேட்டரியை ஒரு வளையம் வைத்துப் பொருத்தினால் 1.4 வோல்ட் நிலையாகக் கிடைக்கும். ஒட்டுத்தாளை உரித்த சில வாரங்களில் தீர்ந்துவிடும் என்பதுதான் குறை. மீட்டர் செத்திருந்தாலும் கவலையில்லை. நல்ல வெயிலில் எஃப் 16, நூறு ஐஎஸ்ஓ பிலிமுக்கு 125. மற்ற நேரத்துக்குச் செல்போனில் ஒரு மீட்டர் ஆப் போதும்.

படம் எப்படி? நான்கு கண்ணாடிகள் கொண்ட 80 மி.மீ. யாஷினான் லென்ஸ், முழுசாக எஃப் 3.5-இல் திறந்தால் ஓரங்களில் கொஞ்சம் மென்மை. எஃப் 8-இல் சேலையின் ஜரிகை இழை தனித்தனியாகத் தெரிகிற கூர்மை. சூரியனுக்கு எதிரே நின்றால் படம் வெளிறும், அதனால் ஹூட் கட்டாயம். இதழ் ஷட்டர் என்பதால் அழுத்தும்போது கேமரா அதிர்வதே இல்லை. ஸ்டாண்ட் இல்லாமல் முப்பதில் ஒரு நொடியில் எடுத்த படம்கூட அசங்காமல் வருகிறது. உருவப்படத்துக்கு இது இன்றும் முதல் தரம்.

செலவு என்னவோ கேமராவோடு முடிவதில்லை. ஊட்டியில் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் கொடுத்துவந்தது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. இப்போது 120 ரோலுக்கு இறக்குமதிச் சரக்கையே நம்ப வேண்டும்; கழுவவும் ஸ்கேன் செய்யவும் சென்னைக்கோ கூரியருக்கோ போக வேண்டும். மாதம் ஒரு ரோலுக்குமேல் ஓட்ட நினைப்பவர் முதலில் கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

வாங்கியதைப் பீரோவில் பூட்டி வைக்கவே கூடாது. தோல் உறையைத் தனியாக எடுத்துவிட்டு, காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, வாரத்துக்கொருமுறை எல்லா வேகத்திலும் ஷட்டரைத் தட்ட வேண்டும்.

தீர்ப்பு: கிராங்க் வழுக்காமல், ஷட்டர் எல்லா வேகத்திலும் அடித்து, கீழ் லென்ஸ் தெளிவாக இருந்தால், மீட்டர் செத்திருந்தாலும் வாங்கலாம். மூன்றில் ஒன்று குறைந்தாலும், அது ஷோகேஸ் பொம்மை விலைக்கு மேல் பெறாது.