இடம் பெயர்ந்த ஆணிகள்

‘பவுன்டி’ கப்பலை, அதில் கலகம் செய்த மாலுமிகள் 1790இல் பிட்கெய்ர்ன் தீவருகே எரித்து மூழ்கடித்தார்கள். நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் லூயிஸ் மார்டன் 1957இல் அதன் எச்சங்களைக் கடலடியில் கண்டார். அதன் ஆணிகளில் செய்த பொத்தான்களைப் பிற்காலத்தில் தம் சட்டைக் கைகளில் அணிந்தார். பழங்கப்பல்களின் ஆணி, போல்ட், செப்புத் தகடு ஆகியவற்றைச் சேர்ப்பவர்களின் ஆசை புரிந்துகொள்ளக்கூடியதே. பீரங்கிக்கு இடமும் பணமும் வேண்டும். ஆணி உள்ளங்கையில் அடங்கும்.

அந்த ஆணியில் செய்தியும் நிறையவே உண்டு. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவைத் தடுக்க, பிரிட்டிஷ் கடற்படை 1761இல் ‘அலார்ம்’ கப்பலின் அடிப்பாகத்தில் செப்புத் தகடு போர்த்திப் பார்த்தது. கடல்நீரில் செம்பைத் தொட்ட இரும்பு வேகமாக அரித்துப்போனதால், 1780களில் செப்புக் கலவை போல்ட்டுகள் வந்தன. 1832இல் ஜார்ஜ் மன்ட்ஸ், செம்பும் துத்தநாகமும் ஏறத்தாழ 60க்கு 40 கலந்த மலிவான உலோகத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆக, உலோகத்தை வைத்தே காலத்தை ஓரளவு கணிக்கலாம். சில போல்ட்டுகளில் அரசுச் சொத்தென்று காட்டும் அம்புக்குறியும் இருக்கும். இந்த நுணுக்கங்களைத் தேடிப் படிக்கும் சேகரிப்பாளரின் உழைப்பு மதிக்கத்தக்கது.

ஆனால் ஆணி கிடந்த இடம் தெரியாவிட்டால் பாதிச் செய்தி போய்விடுகிறது. பலகையைப் புழு தின்ற பிறகும் ஆணிகள் வரிசை கலையாமல் கிடந்தால், பலகைகள் எப்படிப் பொருத்தப்பட்டிருந்தன என்று ஆய்வாளர் வரைந்துவிட முடியும். 1707இல் சில்லி தீவுகளில் மூழ்கிய ‘அசோசியேஷன்’ 1967இல் கண்டுபிடிக்கப்பட்டதும் முக்குளிப்போர் போட்டிபோட்டு அள்ளினார்கள். பிரிட்டன் 1973இல் கப்பல் சிதைவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்ற அந்தக் கொள்ளையும் ஒரு காரணம்.

வீட்டுக்கு வந்த பொருளும் பிழைப்பதில்லை. உப்பை நீக்காமல் உலரவிட்ட இரும்பு செதில்செதிலாக உதிரும். வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடி பூக்கும்.

அதற்காக எல்லாச் சேகரிப்பையும் திருட்டென்று ஒதுக்க முடியாது. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் கப்பலான ‘ஃபூட்ராயன்ட்’ 1897இல் பிளாக்பூல் கடற்கரையில் புயலில் சிக்கி நொறுங்கியது. அதன் செம்பில் பதக்கங்கள் செய்து விற்றார்கள். அவற்றைத் தேடி வாங்குவதால் கடலடிச் சான்று எதுவும் கலையாது. கடலிலிருந்து எடுத்தவை வேறு. பிரிட்டனில் அப்படி எடுத்ததை 28 நாளுக்குள் சிதைவுப் பொருள் அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். எந்தக் கப்பல், யார் எடுத்தது, எப்போது தெரிவித்தது என்ற விவரங்களைக் காகிதத்தில் காட்ட முடியாத விற்பனையாளரிடம், அம்புக்குறி எவ்வளவு தெளிவாக இருந்தாலும், சேகரிப்பாளர் வாங்கக் கூடாது.