13.6: ஒரு கணக்கின் பலமும் எல்லையும்

ஹைட்ரஜனின் அயனியாக்கும் ஆற்றலைக் காண மேல்நிலை வகுப்பு மாணவருக்கு ஒரே வரி போதும். 13.6 எலக்ட்ரான் வோல்ட்டை முதன்மைக் குவாண்டம் எண்ணின் வர்க்கத்தால் வகுத்தால், அந்த மட்டத்திலிருந்து எலக்ட்ரானை முழுவதும் பிரித்தெடுக்கத் தேவையான ஆற்றல் கிடைத்துவிடும். முதல் மட்டத்துக்கு 13.6, இரண்டாவதற்கு 3.4, மூன்றாவதற்கு 1.51. நீல்ஸ் போர் 1913இல் தந்த இந்த வழி இன்றும் பாடநூல்களில் நிலைத்திருப்பதற்குத் தக்க காரணம் உண்டு.

இதன் முதற்பலம், விடையை ஒளியைக் கொண்டே சரிபார்க்க முடிவது. ஹைட்ரஜன் நிறமாலையில் பாமர் வரிசைக் கோடுகள் நெருங்கிக்கொண்டே போய், சுமார் 364.6 நானோமீட்டரில் முடிகின்றன. அந்த ஒளியின் ஆற்றல் 3.4 எலக்ட்ரான் வோல்ட். எலக்ட்ரானை முதல் மட்டத்திலிருந்து இரண்டாவதற்கு ஏற்றும் 121.6 நானோமீட்டர் ஒளியின் ஆற்றல் 10.2. இரண்டையும் கூட்டினால் 13.6! அளந்தறிந்த இரண்டு அலைநீளங்களே விடையைத் தந்துவிடுகின்றன. ஒற்றை எலக்ட்ரான் கொண்ட ஹீலியம் அயனிக்கும் இவ்வழி பொருந்தும்: அணு எண்ணின் வர்க்கத்தால் பெருக்கினால் 54.4 வருகிறது, அளவீடும் அதையே சொல்கிறது.

இடறுவது அடுத்த படியில். நடுநிலை ஹீலியம் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானை நீக்க 24.6 எலக்ட்ரான் வோல்ட்டே போதும். இரு எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவது சூத்திரத்தில் இடம்பெறவில்லை. பயிற்சிக் கணக்குகள் ஹைட்ரஜனோடு நின்றுவிட்டால் இந்த எல்லை மாணவர் கண்ணில் படுவதே இல்லை.

இதைவிடப் பெரிய குறை, சரியான விடை தவறான படத்துக்கு நற்சான்று கொடுத்துவிடுவது. போரின் மாதிரியில் எலக்ட்ரான் வட்டப்பாதையில் சுற்றுகிறது. முதல் மட்டத்திலும் அதற்குக் கோண உந்தம் உண்டு. 1926இல் வந்த ஷ்ரோடிங்கர் சமன்பாடு அதே ஆற்றல்களைத் தருகிறது. ஆனால் பாதை என்று எதுவும் அங்கே இல்லை, முதல் மட்டத்தில் எலக்ட்ரானின் சுற்றுக் கோண உந்தமும் பூச்சியம்.

முழுமையாக்கிய எண்ணும் ஒன்றை மறைக்கிறது. அணுக்கரு அசையாது என்று கொண்டால் 13.606; அதன் அசைவையும் சேர்த்தால் 13.598. அணுக்கருவின் நிறையால் நேரும் இத்தகைய சிறு வேறுபாடு நிறமாலைக் கோடுகளில் தெரிந்ததால்தான் 1931இல் ஹெரால்ட் யூரே டியூட்டீரியத்தைக் கண்டறிந்தார்.

ஆகவே இந்தக் கணக்கு பாடத்தில் இருக்கட்டும். கற்பிக்கும் வரிசை மாறட்டும். முதலில் அலைநீளங்கள், பிறகு சூத்திரம், உடனே ஹீலியம். இரண்டாம் மட்டத்தின் ஆற்றலைக் கேட்கும் வினாத்தாள், அதே வழி ஹீலியம் அணுவுக்கு ஏன் பொருந்தாது என்றும் கேட்க வேண்டும். அதற்குக் காரணம் சொல்லத் தெரிந்த மாணவரே இந்தக் கணக்கைக் கற்றவர்.