டிராகுலாவின் காலர்

டிராகுலா நாடகம் என்றதும் எல்லோரும் அதில் பிரபுவாக நடித்த பெலா லுகோசியின் கண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்குக் காலர்தான். அங்கியின் பின்கழுத்தில் விறைத்து நிற்கும் அந்தக் காலர் நாவலாசிரியர் ஸ்டோக்கர் எழுதியதல்ல, மேடைக்காகத் தைத்தது. பிரபு முதுகைக் காட்டி நிற்பார். தலை காலருக்குள் மறைந்துவிடும். மற்றவர்கள் அங்கியை இறுக்கிப் பிடித்திருக்கும்போதே நடிகர் பொறிக்கதவு வழியாக நழுவிவிடுவார். பிடித்தவர்கள் கையில் வெறும் துணி. ஒரு தையற்காரர் வேலை, உலகத்துக்கே ரத்தக்காட்டேரியின் அடையாளமாகிவிட்டது!

1924-இல் டெர்பியில் இதை மேடையேற்றிய ஹாமில்டன் டீன், டிரான்சில்வேனியாக் கோட்டையையே வெட்டிவிட்டார் என்று நாவல் பிரியர்களுக்கு இன்னும் மனக்குறை. ஊர் ஊராகப் போகிற கம்பெனி, கோட்டையை எந்த வண்டியில் ஏற்றுவது? வெட்டியதும் நல்லதுக்குத்தான். எங்கோ மலைமேல் இருந்தவன் நம் வீட்டுக் கூடத்துக்கே மரியாதையாக வந்து நிற்கிறான். லைசியம் தியேட்டரில் மேனேஜராக இருந்த ஸ்டோக்கரே, 1897 மே 18-இல், புத்தகம் வருமுன்பே, நாடக உரிமைக்காக அங்கே ஒரு வாசிப்பு நடத்தினார். மணிக்கணக்கில் நீண்டதாம். எழுதியவருக்கு நறுக்க மனம் வருமா?

அப்பா ஆர்.எஸ். மனோகர் கட்சி. 'இலங்கேஸ்வரன்' மாதிரி மேடை மின்னி அதிர வேண்டும். நானும் வாய் பிளந்து பார்த்தவன்தான். ஆனால் பிரமிப்பு வேறு, பயம் வேறு. லண்டனில் 1989 முதல் 2023 வரை ஓடிய 'த உமன் இன் பிளாக்' என்ற பேய் நாடகத்தில் ஒரு பிரம்புப் பெட்டிதான் குதிரைவண்டி.

பயத்தை நான் கற்றது குப்பனூரில், மாரியம்மன் பண்டிகை இரவில், இரணியன் கூத்தில். இரண்டு பேர் பிடித்த திரை. கீழே சலங்கை கட்டிய கால், மேலே கிரீடத்தின் நுனி, நடுவிலிருந்து பாட்டு. முகம் மட்டும் வராது. பின்னால் சேர்வராயன் மலை இருட்டாக நிற்கும். நான் அம்மாவின் முந்தானைக்குள்.

போன வருஷமும் போனேன். புகை மெஷின், எல்.இ.டி. விளக்கு, காதைப் பிளக்கும் ஸ்பீக்கர். முகவீணை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. திரை பிடித்த பையனின் ஒரு கையில் செல்போன். திரை சரிந்து, வேஷக்காரர் மூக்கைத் துடைப்பதெல்லாம் தெரிந்தது. கோமாளி சட்டென்று திரும்பினார்: "தம்பி, தூக்கிப் புடி. ராசா இன்னும் வரல."

அதற்காகவே விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.