கலவைத் திருகின் நுட்பம்

முதல் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ, மெர்சிடிஸ் 280இ போன்ற கார்களில் இருந்த பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் அமைப்பில், எஞ்சின் இழுக்கும் காற்று ஒரு வட்டத் தகட்டை அசைக்க, அத்தகட்டின் நெம்புகோல் சிறு தண்டொன்றை உயர்த்தி, காற்றின் அளவுக்கேற்ப பெட்ரோலை விடுகிறது. அந்த நெம்புகோலுக்கும் தண்டுக்கும் உள்ள உறவை மாற்றும் கலவைத் திருகு, குறுகிய துளையின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால், இங்கு வேலை முழுவதும் விரல் நுனியையும் செவியையுமே நம்பி நடக்கிறது.

எஞ்சின் நன்கு சூடேறி ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத நிலையில், ஓடும்போது, நீண்ட 3 மி.மீ. அலன் கீயைத் துளையில் இறக்கினால், அது திருகின் குழியில் பொருந்தும் மெல்லிய பிடிப்பு கைக்குத் தெரிகிறது. அதன்மேல் சற்று எடை வைத்தாலும் நெம்புகோல் அழுந்தி எஞ்சின் தடுமாறும் என்பதால், தேர்ந்த மெக்கானிக் கீயை அழுத்தாமல், மயிரிழை அளவே திருப்புகிறார். வலப்புறம் திருப்பினால் பெட்ரோல் கூடி ஓசை கனத்து, புகையில் நெடி ஏறுகிறது. இடப்புறம் மிகுந்தால் துடிப்பு தவறி எஞ்சின் நடுங்குகிறது. ஒவ்வொரு திருப்பத்துக்குப் பின்னும் கீயை வெளியே எடுத்து, ஒருமுறை ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்துவிட்டு, ஓசை அடங்கிச் சீராகும் வரை காத்திருக்கும் பொறுமையே இதில் மிகவும் போற்றத்தக்கது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடை அளக்கும் கருவி முடிவை உறுதிசெய்யும். ஆயினும் பழகிய செவி பெரும்பாலும் அதற்கு முன்பே சரியான இடத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது.